மறதியும் குருதியும்



"வயதாகிவிட்டது, மறதி வராமலா இருக்கும்?" என்று வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் முதுமை வேறு, நோய் வேறு.

1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். பெயரை எழுதச் சொன்னபோது 'திருமதி' என எழுதியவர், அதற்குமேல் எழுத இயலாமல் நின்றார். அவர் 1906-இல் இறந்தபின், மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவரது மூளையை ஆராய்ந்து, அதில் புரதப் படிவுகளையும் நார் முடிச்சுகளையும் கண்டார். அவர் பெயராலேயே அந்நோய் இன்று வழங்குகிறது.

உயிரோடிருப்பவரின் மூளையை அவ்வாறு அறுத்துப் பார்க்க இயலாதன்றோ? ஆகவே அறிஞர்கள் இரத்தத்தை நாடினர். நம் சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. புதிய நொதிகளை அது ஆக்கிக்கொள்ளாது. கட்டுச்சோற்றோடு பயணம் புறப்பட்டவனைப் போல, தொடக்கத்தில் பெற்ற நொதிகளைக் கொண்டே ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. தான் சுமக்கும் பிராணவாயுவால் விளையும் நச்சுப் பொருள்களைத் தணிக்க, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் முதலிய நொதிகள் அதற்கு உதவுகின்றன. அணு முதிர முதிர நொதிகள் பலவற்றின் ஆற்றல் குன்றுகிறது.

அல்சைமர் நோயாளரின் சிவப்பணுக்களில் இந்நொதிகளை அளந்தபோது, சில ஆய்வுகளில் மிகுதியும் சிலவற்றில் குறைவும் தென்பட்டன. இரத்தத் தட்டணுக்களில் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி மிகுந்திருப்பதாகவும் ஆய்வாளர் பலர் கண்டனர். எனினும் புகைப்பழக்கம், மருந்து, பிற நோய்கள் ஆகியனவும் அணுக்களின் நொதிகளை மாற்றுவதால், இவற்றைக்கொண்டு நோயை உறுதிசெய்ய இயலவில்லை.

2025 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதித்த இரத்தச் சோதனையோ அணுக்களின் நொதிகளை அளப்பதன்று. இரத்தத்தின் நீர்ப்பகுதியிலுள்ள டௌ, அமிலாய்டு புரதங்களை அளப்பது. அதுவும் 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, மறதிக் குறிகள் உடையோருக்கே உரியது. பிற பரிசோதனைகளோடு சேர்த்தே அதன் முடிவைக் கொள்ளவேண்டும்.

ஆகவே, பெரியவர் ஒருவர் பழகிய தெருவில் வழி தவறினால், "வயது" என்று வாளாவிராதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி உண்டாகும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமர் நோயே எனத் தெரிந்தால், அதை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அப்போது நம் பொறுமையே அவருக்குத் துணை. "சாப்பிட்டாயா?" என்று தாய் நான்காம் முறை கேட்கும்போதும், முதன்முறை கேட்டதாகவே எண்ணி இன்சொல்லால் மறுமொழி கூறுங்கள்.