கையிலிருக்கும் போனே போதும்

கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கும் பிள்ளைகள் பெருமாட்டியில் இருக்கிறார்கள், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார்கள். இடுக்கி மலை ஏறினால் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலையிலும் இருக்கிறார்கள். இவர்கள் பாடநூலை ஒட்டித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் தேடினால் கிடைப்பது அரிது. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி தமிழில் பேசுகிறது, ஆனால் அது நடத்துவது தமிழ்நாட்டுப் பாடநூல். கேரள அரசின் விக்டர்ஸ் கல்விச் சேனல் நடத்துவது நம் பாடநூல், ஆனால் அது பேசுவது பெரும்பாலும் மலையாளம். காசு வாங்கிப் பாடம் நடத்தும் செயலிகளின் கண்ணில் எல்லையோரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் தொகை ஒரு சந்தையாகவே படாது. ஆகவே இந்த வேலை தமிழ்வழி ஆசிரியர்களாகிய நம்மிடம்தான் வந்து சேர்கிறது. மனம் வைத்தால் செய்யக்கூடிய வேலைதான். இவ்வளவு சிறிய வட்டத்துக்காக, இவ்வளவு குறைந்த செலவில், தரம் தாழாமல் செய்ய முடிகிற ஊடகம் ஒலி.

பொதுமுடக்கக் காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 ஜூன் 1 அன்று கேரளக் கல்வித்துறையின் கைட் நிறுவனம் விக்டர்ஸ் வழியாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழி, கன்னடவழிப் பாடங்கள் பின்னர் யூடியூபில் ஏறின. நம் ஆசிரியர்கள் பலர் அதற்காக உழைத்தார்கள். ஆனால் யூடியூப் காணொளிக்கு வேண்டிய சிக்னல் எஸ்டேட் லயங்களில் இல்லை. மூணாறுப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் நடந்து போனது செய்தித்தாள்களில் படத்தோடு வந்தது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்ற நிலை சமவெளியிலும் இருந்தது. அந்த நாட்களில் எத்தனையோ ஆசிரியர்கள் வாட்ஸாப்பில் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தன. எல்லையோரத்துக்கு ஏற்ற வழி அதுதான் என்று அன்றே தெரிந்துவிட்டது. பள்ளிகள் திறந்ததும் நாம் அதைக் கைவிட்டோம். இப்போது முறையாக மீண்டும் எடுக்க வேண்டும்.

எண்களைப் பார்ப்போம். ஒற்றை ஒலித்தடத்தில், அதாவது மோனோவில், நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்பி3 ஆக மாற்றினால் பத்து நிமிடப் பாடம் 5 எம்பிக்குள் அடங்கும். ஒரு 4 ஜிபி பென் டிரைவில் அப்படிப்பட்ட 800 பாடங்கள் கொள்ளும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்துக்கும் ஒலிப்பாடம் செய்தாலும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. பிள்ளையின் போனில் இருக்கும் ஒற்றை ஸ்பீக்கருக்கு மோனோவே பொருத்தம்.

கருவிக்கு வருவோம். போனில் இருக்கும் ரெக்கார்டரே தொடக்கத்துக்குப் போதும். சட்டையில் குத்திக்கொள்ளும் ஒயர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் போனோடு பழைய நாட்களில் வந்த ஒயர் இயர்போனின் மைக்கை வைத்துத் தொடங்கலாம். விலை குறைந்த ப்ளூடூத் இயர்போனை மட்டும் பதிவுக்குத் தவிர்க்க வேண்டும். அது போன் பேச்சுக்காக ஒலியைச் சுருக்கி அனுப்புவதால் ச, ஸ, ஷ ஒலிகள் மங்கிவிடும், உச்சரிப்புப் பாடத்துக்கு உதவாது. வெட்டி ஒட்ட, இரைச்சலைக் குறைக்க, எம்பி3 ஆக்க ஆடாசிட்டி இருக்கிறது. 2000-இல் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு இன்றும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. கைட் நம் பள்ளி லேப்டாப்களுக்குத் தந்திருக்கும் லினக்ஸ் தொகுப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. பள்ளி ஐடி மன்றமான ‘லிட்டில் கைட்ஸ்’ பிள்ளைகளில் பலர் நம்மைவிட வேகமாக அதைக் கையாள்வார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்பதில் ஆசிரியருக்கு எந்தக் குறையும் இல்லை.

நல்ல பதிவுக்கும் மோசமான பதிவுக்கும் வேறுபாடு மைக்கின் விலையில் இருப்பதைவிட, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தில்தான் அதிகம் இருக்கிறது. தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் கூடும், அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். ஆகவே மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். வல்லெழுத்துகளின் காற்று அப்போது மைக்கில் மோதாது. கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள வகுப்பறை பதிவுக்கு ஆகாத இடம். புத்தகம் நிறைந்த நூலக மூலை, துணிமணி தொங்கும் சிறிய அறை, சுவரில் கம்பளி தொங்கவிட்ட ஒரு மூலை ஆகியவை நல்லவை. ஃபேனை நிறுத்துங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பேசத் தொடங்கும் முன் பத்து நொடி எதுவும் பேசாமல் அந்த அறையின் அமைதியை மட்டும் பதியுங்கள். ஆடாசிட்டி இரைச்சலை அடையாளம் காண அந்தப் பத்து நொடிதான் உதவும். இரைச்சல் நீக்கத்தை அளவோடு செய்ய வேண்டும், மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். பதியும்போது மீட்டர் -12க்கும் -6 டெசிபெலுக்கும் இடையில் ஆடினால் சரி.

நம் நிலத்துக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் தென்னந்தோப்பை ஒட்டிய அறையில் ஜன்னலைத் திறந்து பதிந்தால் பாடம் முழுக்கக் காற்றுதான் கேட்கும். மைக்கின் தலையில் பஞ்சுறை கட்டாயம். மலையில் தகரக் கூரை மேல் மழை கொட்டும்போது பதியவே வேண்டாம். ஜூன், ஜூலைப் பாடங்களை ஏப்ரல், மே மாதங்களிலேயே பதிந்து வைத்துவிடுவது நல்லது.

இவை எல்லாம் ஒரு நாள் பயிற்சியில் கைவந்துவிடும். அதற்கு மேல்தான் உண்மையான வேலை. பாடநூலை எடுத்து வாசித்துப் பதிந்தால் அது பாட்காஸ்ட் ஆகாது. கண்ணுக்கு எழுதிய வாக்கியம் காதுக்கு நீளம். கரும்பலகை இல்லை, படம் இல்லை, பிள்ளையின் முகமும் நம் முன் இல்லை. ஒரு பாடத்துக்கு ஒரே கருத்து. வாக்கியம் குறுகியது. புதிய கலைச்சொல் வந்தால் மூன்று இடங்களில் மூன்று விதமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். முக்கியமாக, கேள்வி கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும். 1974-இல் நிகராகுவாவில் தொடங்கிய வானொலிக் கணிதத் திட்டம் உலகத்துக்குக் கற்றுத் தந்தது இதைத்தான். வானொலிக் குரல் கேள்வி கேட்கும், சில நொடி பேசாமல் இருக்கும், வகுப்பே உரக்க விடை சொல்லும், அதன் பிறகு குரல் சரியான விடையைச் சொல்லும். அப்படிக் கற்ற வகுப்புகள் வழக்கமான வகுப்புகளைவிடத் தேர்வில் நன்றாகச் செய்தன. அந்த இடைவெளியை உண்டாக்க எந்தக் கருவியும் வேண்டாம். பதிவில் ஐந்து நொடி மௌனம் விடும் துணிவு போதும்.

அடுத்தது உள்ளடக்கம். இங்கேதான் நம் ஒலிப்பாடம் வேறு எவராலும் செய்ய முடியாததாகிறது. நிலத்தடி நீர் பற்றிப் பாடம் நடத்த பெருமாட்டியைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் எத்தனை இருக்கும்? பிளாச்சிமடை இந்தப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டது என்று ஊரார் 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கினார்கள். 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. முன்னணியில் நின்ற இரவாளர் சமூகத்து மயிலம்மா 2007-இல் மறைந்தார். அவர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கைதான் மலையாளத்தில் நூலாகி, பின் ஆங்கிலத்துக்கும் போனது. அந்தப் போராட்டத்தில் உட்கார்ந்த பாட்டிமார்கள், அன்று குடம் சுமந்த தாய்மார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் குரலில் இரண்டு நிமிடம், கிணற்றில் நீர் எப்படி ஊறுகிறது என்று ஆசிரியர் குரலில் நான்கு நிமிடம், ‘உன் வீட்டுக் கிணற்றுக் கயிறு எத்தனை முழம்? மாசியில் எத்தனை, ஆடியில் எத்தனை?’ என்ற கேள்வியும் அளந்து எழுதும் வேலையும். இதுவே ஒரு முழுமையான அறிவியல் பாடம்.

கணக்குக்கும் வெளியே போக வேண்டாம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் பாலக்காட்டுச் சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் வர வேண்டும். ஒரு டிஎம்சி சுமார் 2,832 கோடி லிட்டர். பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மலைப் பள்ளியில், ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொளுந்து வேண்டும் என்று சொல்லி, அம்மா இன்று பறித்த கொளுந்து எவ்வளவு தூளாகும் என்று கேளுங்கள். மூணாறு மலைகளில் 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அடுத்து எப்போது என்ற கேள்வியிலிருந்து தாவரவியல் தொடங்கலாம். விடையை முதுவர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் குரலில் கேட்டால் பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் மறக்காது.

மொழி பற்றி ஒரு தயக்கம் நம்மிடம் இருக்கிறது. பாடநூல் தமிழில் பேசுவதா, ஊர்த் தமிழில் பேசுவதா? விளக்கம் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும், கலைச்சொல் பாடநூலில் உள்ளபடியே வரட்டும். தேர்வுத்தாளில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது பிள்ளை திகைக்கக் கூடாது. மலையாளச் சொல் கலந்து பேசும் பிள்ளையைத் திருத்துவதற்கான இடமாகப் பாட்காஸ்டை ஆக்கிவிடாதீர்கள். வயநாட்டில் 2009 முதல் ஒலிபரப்பும் மாட்டொலி சமுதாய வானொலி, பழங்குடி மக்களின் மொழிகளிலேயே அவர்களிடம் பேசுகிறது. நம் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

கொண்டு சேர்க்க இணையத்தையே நம்பியிருக்க வேண்டியதில்லை. இன்றைய தெலங்கானாவில் உள்ள மச்னூரின் சங்கம் வானொலிக்கு உரிமம் வந்து ஒலிபரப்பு தொடங்கியது 2008 அக்டோபரில். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதை நடத்தும் தலித் பெண்கள் நிகழ்ச்சிகளைப் பதிந்து, கேசட்டாக ஊர்க் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம். பள்ளி ஸ்பீக்கரில் மதிய இடைவேளையில் ஒரு பாடம், லயத்தில் யாரேனும் ஒருவர் போனிலிருந்து ப்ளூடூத் வழியே மற்றவர்களுக்கு, வாசகசாலையில் பென் டிரைவில். இணையம் உள்ளவர்களுக்கு வாட்ஸாப் குழு. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இந்தப் பாடங்கள் முதன்மைப் பாடநூலாகவே அமையும். அவரை மனதில் வைத்தே ‘இங்கே பாருங்கள்’, ‘இந்தப் படத்தில்’ என்ற சொற்களைத் தவிர்த்துப் பேசப் பழகுவோம்.

சில ஒழுங்குகளை விட்டுவிடக் கூடாது. பிள்ளையின் குரலைப் பதியும் முன் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். பிள்ளையின் முழுப் பெயரும் வீட்டு விலாசமும் பதிவில் வர வேண்டாம். பெரியவர்கள் பேசியதை வெட்டிச் சேர்த்த பின் அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்ட வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைக்க நமக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் பறை தட்டட்டும், கும்மி பாடட்டும், அதையே முகப்பிசையாக வையுங்கள்.

அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது. பாடநூல் அச்சிட்டுத் தருவதோடு அந்தக் கடமை முடியாது. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் (பிஆர்சி) கம்பளி தொங்கவிட்ட ஓர் அமைதியான அறை, இரண்டு ஒயர் மைக், பாடங்களைச் சேர்த்து வைக்க ஓர் அலமாரியும் ஒரு ஹார்ட் டிஸ்கும் வேண்டும். பஞ்சாயத்துத் திட்ட நிதியில் இதற்கு ஆகும் தொகை மிகச் சிறியது. எல்லையோரப் பஞ்சாயத்துகளும் கைட் மாவட்ட அலுவலகங்களும் இதைச் செய்து தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் அந்த அறை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு தமிழ்வழி ஆசிரியரும் ஒரே ஒரு பாடம் பதியுங்கள். எந்தப் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்களோ அதை எடுங்கள். எழுதிப் பாருங்கள், உரக்கப் படித்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். முதலில் உங்கள் வகுப்பில் போடுங்கள், பிறகு பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு அனுப்புங்கள். சித்தூரில் பதிந்த பாடம் தேவிகுளத்துக்கும், பீருமேட்டில் பதிந்தது பெருமாட்டிக்கும் போகட்டும்.

— ஆசிரியர்