பாதிச் செவிடு

நண்பர் ஒருவர் காலையிலேயே லேப் ரிப்போர்ட்டும் கையுமாக வந்து இறங்கினார். முகத்தில் அநியாயத்துக்குக் கோபம்.

‘‘ராத்திரி ரெண்டே இட்லி சார். சட்னிகூடத் தொட்டுக்கலை. வெறும் வயித்துல 165! எங்கேர்ந்து வந்தது இந்தச் சர்க்கரை?’’

‘‘நீங்களே தயாரிச்சதுதான்’’ என்றேன். முறைத்தார்.

நிஜம். நாம் தூங்கும்போது மூளை பட்டினி கிடக்கக் கூடாதே என்று கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ‘போதும், நிறுத்து’ என்று அதட்டுவது இன்சுலின். அதட்டலைக் கேட்பதற்குக் கல்லீரல் செல்களின் மேல் ரிசப்டர்கள் இருக்கின்றன. காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2000-ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்ட் கானின் குழுவினர், கல்லீரலில் மட்டும் இந்தக் காது இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். எதிர்பார்த்தபடி சர்க்கரை ஏறியது. ஆனால் ரத்தத்தில் கொழுப்பு ஏறவில்லை. ‘கொழுப்பு தயார் பண்ணு’ என்று கல்லீரலுக்கு உத்தரவு போடுவதும் இன்சுலின்தான். காதே இல்லாததால் அதுவும் கேட்கவில்லை!

தின்று பெருத்த நமக்கோ இரண்டும் ஏறுகிறது. இந்த முரண்பாட்டை 2008-ல் சுட்டிக்காட்டியவர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரட்டையர் (1985-ல் கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்கு நோபல் வாங்கியவர்கள்). நம் கல்லீரல் முழுச் செவிடு இல்லையாம். ‘சர்க்கரையை நிறுத்து’ காதில் விழாது. ‘கொழுப்பு பண்ணு’ மட்டும் கணீரென்று விழும். எங்கள் தாத்தா ஒருவர் இப்படித்தான். ‘ரேஷனுக்குப் போகணும்’ என்று கத்தினாலும் கேட்காது. உள்ளே யாராவது ‘அதிரசம்’ என்று கிசுகிசுத்தால் திண்ணையிலிருந்து குரல் வரும்.

சொல் எடுபடவில்லை என்றதும் கணையம் இன்னும் பலமாகக் கத்துகிறது. அதாவது, இன்னும் அதிக இன்சுலின். அதனால் இன்னும் கொழுப்பு. கொழுப்புச் சேரச் சேர, காது இன்னும் மந்தம். 2004-ல் யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கொழுப்புச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். மூன்றே நாளில் கல்லீரலில் கொழுப்பு, காதும் மந்தம்!

திரும்பக் கேட்குமா? கேட்கும். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் என்ற டாக்டர், சர்க்கரை வந்து நாலு வருஷம் தாண்டாத 11 பேரைத் தினம் சுமார் 600 கலோரியில் எட்டு வாரம் வைத்திருந்தார். மாத்திரை கிடையாது. 2011-ல் முடிவு வெளியானது. ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 166-லிருந்து 106-க்கு இறங்கியிருந்தது. கல்லீரல் கொழுப்பு அந்த ஒரு வாரத்திலேயே 30 சதவீதம் காலி.

‘‘அப்ப நாளைலேர்ந்து நானும்...’’ என்றார் நண்பர்.

‘‘அவங்க டாக்டர் கண்காணிப்புல இருந்தாங்க. நீங்க மாத்திரையையும் போட்டுண்டு பட்டினியும் கிடந்தா, சர்க்கரை அதல பாதாளத்துக்கு இறங்கி மயக்கம் போட்டு விழுவீங்க. முதல்ல உங்க டாக்டரைக் கேளுங்க. கேக்கறதா?’’

நண்பர் பதில் சொல்லவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, மூடியிருந்த சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘உள்ளே வடை தட்டற சத்தம் மாதிரி இருக்கே, சார்?’’