ஆடுவதற்கு எதற்கு அனுமதி?

பங்குனியிலும் சித்திரையிலும் பொங்கல் சாட்டிய ஊர்களில், காப்புக் கட்டுவதற்கு முன்பே ஓர் அலைச்சல் தொடங்கிவிடுகிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். மனு தள்ளுபடியாகும், அல்லது பதிலே வராது. பிறகு வழக்கறிஞர், அதன் பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அங்கே வழக்கமான நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும்: ஆபாசம் கூடாது, சாதி, மதம், கட்சியைத் தொடும் பாட்டு கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர்களுக்கும் இந்தப் பாதை பழகிப்போய்விட்டது. தலைக்கட்டு வரி போட்டுச் சேர்த்த பணம் மேளக்காரர் கைக்குப் போகும் முன்னால் வழக்குச் செலவுக்குப் போகிறது. ஓர் ஊர் தன் அம்மன் முன்னால் ஆட நீதிபதியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதை நாமும் இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

2022இல் சென்னையில் ‘ஹேப்பி ஸ்ட்ரீட்’ நடந்தபோது வண்டிகளை நிறுத்தி, சாலையை ஆட்டத்துக்கு விட்டதே காவல் துறைதான். மதுரை அண்ணா நகரிலும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மனம் நிறைந்து வரவேற்கிறேன். ஆனால் அதே மதுரையில் பஸ் ஏறி இரண்டு மணி நேரம் ராஜபாளையம் பக்கம் வந்தால், அதே பாட்டு சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடுகிறது. நகரத்துக்காரர் ஆடினால் உற்சாகம், கிராமத்துக்காரர் ஆடினால் கலவரம் என்ற நினைப்பு இல்லாமல் இந்த வேறுபாடு வந்திருக்க முடியாது.

ஆட்டத்தை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தார்கள். ஜோ வர்கீஸ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்த முடிவுகளை 2003இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள். வாசிப்பு, சீட்டாட்டம், இசைக்கருவி என மூளைக்கு வேலை தரும் 6 பழக்கங்களையும், நடை, நீச்சல், மிதிவண்டி, மாடிப்படி ஏறுதல், வீட்டு வேலை என உடலுக்கு வேலை தரும் 11 பழக்கங்களையும் கணக்கில் எடுத்தார்கள். அந்த 11இல் மறதி நோயின் ஆபத்து குறைந்து காணப்பட்டது ஒன்றே ஒன்றில்தான்: ஆட்டம். அடிக்கடி ஆடியவர்களுக்கு ஆபத்து 76 விழுக்காடு குறைவாக இருந்தது. நடைக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை, நீச்சலுக்கும் கிடைக்கவில்லை. நம் ஊரில் சர்க்கரை என்று தெரிந்த மறுநாளே மருத்துவர் “நடங்க” என்கிறார். “ஆடுங்க” என்று சொன்ன ஒருவரையாவது யாராவது பார்த்ததுண்டா?

இதன் காரணத்தை முளைப்பாரிக் கும்மியில் நின்று பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். காது பாட்டைப் பிடிக்க வேண்டும், கை தாளத்தில் விழ வேண்டும், கால் அடுத்த அடியை நினைவில் வைத்திருக்க வேண்டும். முன்னால் போகிறவளை இடிக்காமலும் பின்னால் வருகிறவளை நிறுத்தாமலும் வட்டம் நகர வேண்டும். நடைப்பயிற்சியில் இதில் கால் பங்கு வேலைகூட மூளைக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது. பாரி வளரும் நாட்களில் இரவுக்கு அரை மணி நேரம் கும்மியடித்தாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும். அதற்கு வாத்தியம் வேண்டாம், மேடை வேண்டாம், கட்டணமும் வேண்டாம். பாட்டு தெரிந்த ஒரு கிழவி போதும்.

இந்த மண்ணில் ஆட்டத்துக்குப் பஞ்சமும் இல்லை. ராஜகம்பளத்தார் உறுமிக்கு ஆடும் தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. தோலின் ஒலி மாறினால் அடவு மாறும். ஒயிலாட்டத்தில் கைத்துணி வீசி வரிசை கட்டி நின்று, பாட்டாகவே கதை சொல்லிக்கொண்டு ஆடுவார்கள். நையாண்டி மேளத்துக்குத் தலையில் செம்பு அசையாமல் சுழலும் கரகம் தனிக் கலை. ஆண்டாள் கோயிலுக்குப் போனால் மார்கழியில் அரையர் சேவை. உயர்ந்த குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு, பாசுரத்தைப் பாடி அதற்கு அபிநயம் பிடித்து, பொருளும் சொல்வார் அரையர். இந்தச் சேவை மிஞ்சியிருப்பது திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என விரல்விட்டு எண்ணக்கூடிய தலங்களில் மட்டும். பெருமாளுக்கு முன்னால் உடம்பே பாசுரமாகிற ஊரில், மாரியம்மனுக்கு முன்னால் உடம்பு அசைந்தால் ஆய்வாளரின் கையெழுத்து வேண்டுமாம்!

“ஆபாசம்” என்று உடனே கை நீட்டுகிறார்கள். ஆபாசச் செயலுக்கும் பாட்டுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296ஆவது பிரிவு இருக்கிறது. குற்றம் செய்தவர் மீது அதைப் போடட்டும். குற்றம் நடக்கும் முன்பே ஊர் முழுவதையும் சந்தேகக் கூண்டில் நிறுத்த எந்த நியாயமும் இல்லை. “சாதிச் சண்டை வரும்” என்கிறார்கள். சண்டை தேர்தலிலும் வருகிறது; அதற்காகத் தேர்தலை நிறுத்துகிறோமா? பாதுகாப்புக்கு ஆள் அனுப்ப மனமில்லாத நிர்வாகம் சொல்லும் சாக்கு இது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க நான் தயாரில்லை.

ஆபாசம் என்ற சொல் எப்போதும் ஆட்டத்தைப் பார்த்து விழுந்ததில்லை, ஆடுகிறவர் யார் என்று பார்த்தே விழுந்திருக்கிறது. 1947இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் பொட்டுக்கட்டும் கொடுமையை நிறுத்தியது. முத்துலட்சுமி ரெட்டி நடத்திய அந்தப் போராட்டத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அதே சட்டம், கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் திருவிழாவிலும் ஒரு பெண் ஆடுவதையே சட்ட விரோதம் என்றும் எழுதியது. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1935இல், ருக்மிணி தேவி அடையாறில் பிரம்மஞான சபை மேடையில் தேவதாசிகளின் ஆட்டமான சதிரை ஆடிக் கைதட்டல் வாங்கிவிட்டார். தெருவில் இழிவு, சபாவில் கலை! அந்தப் பிரிவினையைத்தான் இன்றும் ஒவ்வொரு காவல் நிலையமும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்திப் பிள்ளைகளுக்கு ஒயிலும் கரகமும் போட்டி வைக்கிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளை வளர்ந்து ஊர்த் திருவிழாவில் ஆடப்போனால் அங்கே தடை. இதற்கு எதற்குப் பரிசு?

இழப்பு யாருக்கு என்று பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. ராஜபாளையம் மில்களில் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்கள், சத்திரப்பட்டியில் உலகத்துக் காயங்களுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்து தருகிறவர்கள், இவர்களின் உடம்பு ஆண்டு முழுதும் இயந்திரத்தின் தாளத்துக்குத்தான் அசைகிறது. தன் விருப்பத்துக்கு அந்த உடம்பு அசைய ஊர் கொடுக்கும் நாட்கள் திருவிழாவின் நான்கைந்து இரவுகள்தான். அதையும் பத்து மணிக்கு மூடு என்கிறோம்.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் பதவியில் இருந்த அரசின் வாரிசுகள் வீடு தர வேண்டாம், தெருவைத் தந்தால் போதும். திருவிழா ஆட்டத்துக்கு அனுமதி கேட்கும் முறையை அடியோடு எடுத்துவிட்டு, தகவல் கொடுத்தால் போதும் என்று ஆக்க வேண்டும். மில் வளாகங்களில் ஷிஃப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் கும்மிக்கு இடமும் சம்பளமும் தர வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் மாத்திரைச் சீட்டில் ஆட்டத்தையும் எழுத வேண்டும். இதை விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் பத்து ஆண்டுகள் செய்து பார்க்கட்டும். சர்க்கரைக்கும் மறதிக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவமனை வாசலில் நிற்கும் வரிசை பாதியாகக் குறையும் என்று உறுதியாகச் சொல்கிறேன். முதல் அரசாணை அடுத்த பங்குனிக்கு முன்பே வர வேண்டும்.