குற்றவாளிக் கூண்டில் தாய்

மூளையிலோ முதுகுத்தண்டிலோ குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், நம் சமூகம் முதலில் தேடுவது மருத்துவரை அன்று, குற்றவாளியை. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பர், முன்வினை என்பர். சுட்டுவிரல் எப்படியும் தாயை நோக்கியே நீளுகிறது. இத்தீர்ப்பை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

கரு உருவான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப்புறத்தில் மெல்லிய தகடொன்று தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் மடிந்தெழுந்து, ஒன்றோடொன்று இணைந்து குழலாகின்றன. அக்குழலே பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளர்கிறது. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் அது முழுவதும் மூடிவிட வேண்டும். தலைப்பக்கம் மூடாவிடில் மூளையின் பெரும்பகுதி உருப்பெறாது; அக்குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கம் மூடாவிடில் முதுகெலும்பு பிளவுபடும். கால்கள் செயலிழக்கவும் கூடும். மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரங்களே ஆன காலம் அது. தாம் கருவுற்றதைப் பல பெண்கள் அறியும் முன்பே யாவும் முடிந்துவிடுகின்றன. அறியாத ஒன்றுக்கு அவர்களை எங்ஙனம் பொறுப்பாக்குவது?

மரபணுக்கள், கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள், ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தின் குறைவு எனக் காரணங்கள் பல. இவற்றுள் இறுதியானதை எளிதில் நீக்கலாம். முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களிடையே பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் 7 நாடுகளில் ஆய்வு நடத்திற்று. கருவுறும் முன்பே உண்ணத் தொடங்கும் ஃபோலிக் அமிலம், அக்குறை மீண்டும் நேர்வதை 72 விழுக்காடு தடுக்கிறது என்று அது 1991இல் மெய்ப்பித்தது. அமெரிக்கா 1998இல் செறிவூட்டிய மாவில் அதைச் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. ஆய்வை நடத்திய பிரித்தானிய அரசோ, பெண்களே மாத்திரை உண்ணட்டும் என அறிவுரை கூறி, மாவில் சேர்க்க 2021 வரை முடிவெடுக்காமல் காலம் கடத்திற்று. எதிர்பாராமல் கருவுறுவோர் பலர் என்று அறிந்தும் அறிவுரையோடு நின்றுவிடுவது, பழியைத் தாய்மீது சுமத்தும் நாகரிகமான வழியே அன்றி வேறென்ன?

கருவுற எண்ணும் பெண்ணுக்கு நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். முன்பு இக்குறை நேர்ந்திருந்தால் மருத்துவர் கூடுதலாகத் தருவார். இதை நம் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் மணமகனும் உடனிருந்து கேட்கட்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் உண்பவளின் தட்டிலும் கீரையும் பயறும் விழட்டும். அன்றாட உணவிலேயே இச்சத்தைச் சேர்த்துத் தருமாறு அரசைக் கேட்போம்.

எல்லாக் குறைகளும் இதனால் நீங்கிவிடா. தடுக்க இயலாதது நேர்ந்த இல்லத்திற்கு நாம் துணையாவோம். தடுக்கக்கூடியது நேர்ந்தால், கூண்டில் நிற்க வேண்டியவர்கள் நாமே, அவள் அல்லள்.