பல்லுக்கு ஊசி, கர்ப்பப்பைக்கு 'பொறுத்துக்கோ'வா?

பல்லு பிடுங்கப் போனா மரத்துப்போற ஊசி போடாம கொறட்டைத் தொடமாட்டாங்க. கர்ப்பப்பைக்குள்ள குழாயை விட்டுச் சதை எடுக்கும்போது மட்டும் 'கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா' போதுமாம் மக்கா!

எங்க மைனிக்கு மாதவிடாய் நின்னு மூணு வருசம் கழிச்சு ரத்தப்போக்கு. நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில பயாப்ஸி. கட்டில் கம்பியைப் பிடிச்சுக் கத்தினவங்களுக்கு நர்ஸம்மா சொன்ன ஆறுதல்: "ரெண்டு பிள்ள பெத்தவதானே நீ?" மாதவிடாய் நின்னபிறகு கர்ப்பப்பை வாய் சுருங்கிப் போகும், பிள்ள பெத்த கணக்கு அங்க செல்லாதுன்னு அவங்களுக்கா தெரியாது?

ஊசியே வலிக்கும், வேலை ரெண்டு நிமிசம்தான் என்பார்கள். சரி, அதையும் சொல்லி மைனிகிட்டயே கேட்டிருக்கலாமே? முன்கூட்டியே வலி மாத்திரை, கர்ப்பப்பை வாயில தடவ லிடோகெய்ன், அதைச் சுத்தி ஊசி, தாங்கவே முடியாதவங்களுக்கு மயக்கம்னு வழியா இல்ல? இந்த வலியை மருத்துவர்கள் குறைச்சு மதிப்பிடுறாங்க, வழிகளை எடுத்துச் சொல்லி அந்தப் பெண்ணோடயே பேசி முடிவு பண்ணுங்கன்னு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே 2025-ல் எழுதிவிட்டது.

மைனி கதையைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இப்ப அதே ரத்தப்போக்கு. புற்றுநோயான்னு பாக்காம விடக்கூடாத விசயம். "செத்தாலும் அங்க போமாட்டேன்"ங்காங்க.