பயன்பாடு யாருக்கு, உரிமை யாருக்கு?

1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்வழிச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குவோர் எப்போதும் ஒரே வாதத்தையே முன்வைக்கின்றனர்: நிலத்தை எவரும் பறிக்கவில்லை, பட்டா உழவர் பெயரிலேயே இருக்கிறது, குழாய் மண்ணுக்கடியில் கிடக்கும், மேலே பயிர் செய்யலாம்.

அச்சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படித்தால் இவ்வாதத்தின் சாயம் வெளுத்துவிடும். பயன்பாட்டு உரிமை எடுக்கப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்பக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. இவ்வளவையும் விலக்கிய பின் உடைமை என்பது வரி ரசீதில் மட்டுமே எஞ்சுகிறது. இதற்கு 10ஆம் பிரிவு நிர்ணயித்துள்ள விலை, அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பில் வெறும் பத்து விழுக்காடு. ஆங்கில மூலத்தின் சொல்லை நாம் 'பயன்பாட்டு உரிமை' என்று தமிழாக்குகிறோம். மொழிபெயர்ப்பில் பிழையில்லை, மூலத்திலேயே உள்ள கரவு தமிழிலும் வந்து அமர்ந்துகொள்கிறது, அவ்வளவே.

சிறு உடைமையாளருக்கு இது என்ன செய்கிறது? கொச்சி–மங்களூரு எரிவாயுக் குழாய்க்கு எடுக்கப்பட்ட பாதையின் அகலம் இருபது மீட்டர். பத்து சென்ட் மனையோ ஏறத்தாழ நானூறு சதுர மீட்டர். அதாவது இருபதுக்கு இருபது. குழாய் நடுவே சென்றால் மனை முழுவதும் போயிற்று. பெருந்தோட்டக்காரருக்கு அதே இருபது மீட்டர் ஒரு வரப்பு ஓரத்து இழப்பு.

எதிர்ப்பு வலுத்த பின், 2017 நவம்பரில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, பத்து சென்ட்டும் அதற்குக் குறைவாகவும் உள்ளோருக்கு அப்பாதையை இரண்டு மீட்டராகச் சுருக்கி, எஞ்சிய இடத்தில் வீடு கட்ட வழிசெய்து, ஐந்து லட்சம் ரூபாய் உதவியும் அறிவித்தது. அங்கே இரண்டு மீட்டர் போதுமென்றால், ஏனைய ஏழைகளின் மனைகளில் மட்டும் இருபது மீட்டர் எதற்கு?

பாதுகாப்புக்காக என்பர். பாதுகாப்பை நாம் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில், கெயில் குழாயிலிருந்து கசிந்த வாயு தீப்பற்றியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே கேட்கிறோம்: வீடு கட்டுவது உயிருக்கு ஆபத்தெனில், குடியிருக்கும் உரிமை முற்றாகப் பறிக்கப்படுகிறது, முழு விலையையும் மாற்று மனையையும் கொடு. ஆபத்தில்லையெனில் தடையை விலக்கு. இரண்டில் எதை ஏற்றாலும் பத்து விழுக்காட்டுக்கு நியாயமில்லை.

அனுமதி என்பதும் ஒருவழிப் பாதையே. குழாய் பதிக்க உழவரின் ஒப்புதல் தேவையில்லை; ஆட்சேபம் தெரிவிக்க இருபத்தோரு நாள், அவ்வளவுதான். ஆனால் குழாயருகே வீடு கட்ட விரும்புபவர், நிறுவனத்தின் தடையின்மைச் சான்றுக்கு நடையாய் நடக்க வேண்டும். சேமிப்பைக் கொட்டி மனை வாங்கிய தொழிலாளிக்கு, வரைபட அனுமதி கேட்கும் நாளில்தான் அடியில் குழாய் ஓடுவது தெரியவருகிறது. அரசிதழில் அறிவிக்கை வந்ததே என்பது பதிலாகாது. அரசிதழ் படித்துவிட்டா மனை வாங்குகிறார்கள்?

2011இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. குழாயைச் சேதப்படுத்துவோருக்கான தண்டனைகள் கடுமையாயின. பத்து விழுக்காடு மட்டும் அசையவில்லை. உயர் அழுத்த மின்பாதைகளுக்கோ, கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடு, கம்பிகள் செல்லும் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு என்றிருந்த 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 2024 ஜூனில் முறையே 200, 30 என உயர்த்தப்பட்டது. அதுவும் வெறும் வழிகாட்டுதலே, மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும், மின்கம்பிக்கு உயர்ந்த விலை எரிவாயுக் குழாய்க்கு ஏன் உயரவில்லை என்பதற்கு ஒன்றிய அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

10ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். குழாய் செல்லும் ஒவ்வொரு சர்வே எண்ணும் வில்லங்கச் சான்றில் பதியப்பட வேண்டும். அதுவரை, அறிவிக்கை வெளியாகும் ஊர்களில் நம் கிளைகள் அதனை அந்தந்த மக்களின் மொழியில் வாசித்துக் காட்டி, இருபத்தோரு நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபங்களைத் தாக்கல் செய்யவைக்கும் பணியை உடனே மேற்கொள்ள வேண்டும்.