ஓட்டையைத் தசை அடைக்காது

வயிற்றுத் தசையை முறுக்கேற்றினால் ஹெர்னியா தானே மறைந்துவிடும், ஆபரேஷன் என்பது காசு பிடுங்கும் வேலை என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படியானால் பளு தூக்கும் வீரர்களுக்கு அது வரவே கூடாதே? வருகிறதே!

அவர் தசையைப் பார்த்தார்; குடல் பிதுங்கும் பாதையைப் பார்க்கவில்லை. தொடையிடுக்குக்குச் சற்று மேலே, அடிவயிற்றுச் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு சுமார் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் போகிறது. ஆண் சிசுவின் விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து விதைப்பைக்கு இறங்கிய வழி அது. விந்துக்குழாயும் ரத்தக்குழாய்களும் ஆயுள் முழுக்க அதன் வழியே செல்ல வேண்டும். ஆகவே அடைத்துவிடவும் முடியாது. அதன் பின்சுவரில் பெரும்பகுதி தசையே அல்ல, மெல்லிய சவ்வு. சவ்வுக்கு எந்த ஜிம்மில் பயிற்சி தருவார்கள்? மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் வயிற்றழுத்தம் ஏறி, குடலை அந்த ஓட்டையை நோக்கித்தான் தள்ளும்.

1887-ல் இத்தாலிய அறுவை மருத்துவர் பஸ்ஸினி அந்தப் பின்சுவரைத் தைத்துப் பலப்படுத்தும் முறையை வெளியிட்டார். பிறகு வந்த அறுவை மருத்துவர் லிக்டன்ஸ்டைன், இழுத்துத் தைக்காமல் வலை வைத்தார். இருவரும் கைவைத்தது அந்தச் சுவரில்தான்.

தொந்தரவில்லாத ஹெர்னியா உள்ள ஆண்கள் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம் என்பது சரி. ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், குடலுக்கு ரத்தம் நின்றுபோயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அந்த நேரத்தில் ‘பயிற்சி செய், சரியாகும்’ என்பது அறிவுரை அல்ல, ஆபத்து.